கூத்துக் களரியும் பல்கலைக்கழக அரங்கும்

நாடகமும் அரங்கியலும் பயில வரும் மாணவருக்கு உடற்பயிற்சி, குரற்பயிற்சி, ஊமம் என்று பலவும் கற்பிக்கிறோம். பின்பு, நீங்களே கூடி ஒரு நாடகத்தை ஆக்கி அளியுங்கள் என்கிறோம். எழுதிய பிரதி இல்லாமல், ஒரு கருவை மட்டும் வைத்துக்கொண்டு, ஆடியும் பேசியும் காட்சிகளைக் கண்டடைகிற கூட்டுப்படைப்பு அது. அதற்கு வேண்டிய அடித்தளத்தை மட்டக்களப்புக் கூத்துப் பழக்கும் முறையிலிருந்தே நாம் பெறலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊரில் ஒரு கூத்தை எடுத்தால் முதலில் சட்டங்கொடுத்தல். குரலையும் உடல்வாகையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஊரார் முன்னிலையில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் முடிவு செய்வார். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. தாளக்கட்டை வாய் சொல்லக் கால் மிதிக்கும். கால் பழகிய பின்புதான் பாட்டு அதன்மேல் ஏறும். இடையில் கிழமைக்கூத்து. அன்று ஊரார் வந்திருந்து பார்ப்பார்கள். ஆட்டம் தளர்ந்தால், பாட்டுப் பிசகினால், அந்த இடத்திலேயே சொல்வார்கள். சதங்கை அணிதலும் முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தலும் முடிந்த பின்பே அரங்கேற்றம். அதற்குப் பிறகும் வீடுவீடாகச் சென்று ஆடுவதுண்டு.

இந்த ஒழுங்கில் என்னை மிகவும் ஈர்ப்பது கிழமைக்கூத்துதான். முடியாத வேலையை, முடியாத நிலையிலேயே பிறர் முன் வைக்கிற துணிவை அது பழக்குகிறது. கூட்டுப்படைப்பில் மாணவர் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். பரீட்சை நாள் வரை காட்சிகளை ஒளித்து வைத்து, அன்று முதன்முறையாகப் பிறருக்குக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் எங்கே சலித்தார், எங்கே நிமிர்ந்தார் என்று அறியாமலே படைப்பு முடிந்துபோகிறது.

கூத்து ஆடும் இடமான களரியின் அமைப்பும் ஓர் ஆசிரியரே. வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் நிற்க, ஆடுவோர் சுற்றி வருவர், நாற்புறமும் சனம். அங்கே நடிகருக்கு முதுகுப்புறம் என்று ஒதுக்கிவிட ஏதுமில்லை. தோளும் குதிக்காலும்கூடப் பேசியாக வேண்டும். படச்சட்ட மேடையில் மட்டுமே பழகியவர் முகத்தை முன்னே நீட்டி வசனத்தை ஒப்புவிப்பதை எந்தக் கல்லூரி விழாவிலும் பார்க்கலாம்.

கூத்து பல்கலைக்கழகத்துக்குள் வந்தது பேராதனையில். சரச்சந்திரரின் ‘மனமே’ நாடகம் 1956இல் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சிக்குப் பிறகு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு செப்பமாக்கி மேடையேற்றினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. விடிய விடிய ஆடுவது சுருங்கியது, வட்டம் ஒருமுகமானது. இழப்பு உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனாலும் படித்த நகரத்தவர் கண்ணில் கூத்துக்கு மதிப்புத் தேடித் தந்த அந்த முயற்சியை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். அதில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ படைத்தார். சாதி முதலிய சமூகக் கேடுகள் அதில் அரக்கர்களாக வந்தன, ஆட்டம் மட்டக்களப்புக் கூத்தின் வடமோடி வகை. பழைய ஆட்டமொழியில் புதிய பொருளைப் பேசலாம் என்பதற்கு அது சான்று. பின்னாளில் அவரே கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘இராவணேசனை’ மீண்டும் ஆக்கினார். சி. ஜெயசங்கரும் தோழர்களும் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் எதிர்த்திசையில் நடந்து, கூத்தைக் களரிக்கே கொண்டு சென்று, ஆடுகிற மக்களோடு இருந்து அதன் கருப்பொருளையும் பாத்திரங்களையும் விவாதத்துக்கு உள்ளாக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1985இல் அளித்த ‘மண் சுமந்த மேனியர்’ இன்னொரு வழி. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய அந்த நாடகம் போர்க்காலத்தில் ஊர் ஊராகச் சென்றது.

இவற்றையெல்லாம் வரலாற்றுப் பாடமாக மட்டும் நடத்திவிட்டுப் போவது போதாது. வகுப்பில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். வடமோடியின் வீசாணம் என்னும் ஆட்டத்தை மாணவர் கால் தானாக மிதிக்கும் வரை பழக்க வேண்டும். பின்பு பாட்டை எடுத்துவிட வேண்டும். மத்தளத்தையும் நிறுத்த வேண்டும். தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் கடலுக்குப் போன தோணியைப் பார்த்து நிற்பவராகக் களத்துக்குள் வரட்டும். மற்றொருவர் பிள்ளையைத் தேடும் தாயாக வரட்டும். ஆட்டம் வெளியே தெரியாது. ஆனால் நடையில் ஓர் எடை இருக்கும். நிற்கும் இடம் தானாகவே சரியாக அமையும். சுற்றி நிற்பவர்கள் பிற்பாட்டுக்காரரைப் போல, களத்துக்குள் வந்தவர் சொல்லின் கடைசியை எடுத்துத் திருப்பிச் சொல்லட்டும். ஒரு சொல் நாலு வாய்க்குள் போய் வரும்போது காட்சி தன் பொருளைத் தேடிக்கொள்ளும். எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்று அடுத்த கிழமை வேறொரு வகுப்பு மாணவர் முன் ஆடிப் பார்க்க வேண்டும். தாளம் ஊறாத உடம்பைக் கொண்டு கூட்டுப்படைப்புச் செய்தால் கிடைப்பது விவாதமேடைதான். ஆளுக்கொரு கருத்தைச் சொல்லிப் பிரிந்துவிடுவார்கள்.

இந்தப் பயிற்சியில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மரபில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். இன்று மாணவிகள் அருச்சுனனாகவும் ஆடுகிறார்கள். உடம்பு மாறும்போது அடவின் வேகமும் பொருளும் மாறுவதை ஊன்றிக் கவனிப்பதே தனி ஆய்வாகும்.

இத்தகைய பயிற்சிக்கு நேரம் வேண்டும். கிழமைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம், பதினைந்து கிழமையில் பரீட்சை என்ற கால அட்டவணைக்குள் உடம்பு பழகாது. ஆற்றுகைப் பாடங்களையேனும் முழு ஆண்டுப் பாடமாக்க வேண்டும். மதிப்பீட்டில் ஒரு பங்கை அரையும் குறையுமான காட்சிகளை இடையிடையே அளிப்பதற்கு ஒதுக்க வேண்டும். இறுதி ஆற்றுகை ஒன்றேனும் ஊர் முற்றத்தில் நடக்க வேண்டும். அண்ணாவியாரை மணிக்கணக்குக் கொடுப்பனவுக்கு வந்துபோகும் பயிற்றுநராக வைத்திருப்பதை விட்டு, படைப்பு தொடங்கும் நாளிலிருந்து நெறியாளரோடு ஒப்ப அமர்ந்து, புள்ளி வழங்கும் குழுவிலும் இருக்கிற ஆசிரியராக நியமிக்க வேண்டும்.