டிசிசி மாதிரி ரயில் எஞ்சின்: வேகமும் முடுக்கமும் அமைத்தல்

டிசிசி முறையில் ஓடும் மாதிரி ரயிலில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு மின்னழுத்தம் வந்துகொண்டிருக்கும். மோட்டாருக்கு அதில் எவ்வளவு போக வேண்டும் என்பதை எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் முடிவு செய்கிறது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறையை 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் தரநிலையாக்கியது. டிகோடரின் நினைவகத்தில் சிவி எனப்படும் எண்ணிட்ட இடங்கள் உள்ளன. சிவி 2 தொடக்க மின்னழுத்தம், சிவி 5 உச்சம், சிவி 6 நடுவேகம், சிவி 3 முடுக்கம், சிவி 4 வேகத்தணிப்பு. எஞ்சின் மெல்லக் கிளம்பும் அழகு உடனே கண்ணில் படுவதால், பலர் 3, 4 ஆகியவற்றில்தான் முதலில் கைவைக்கிறார்கள். வேகத்தை முடித்துவிட்டு முடுக்கத்துக்கு வருவதே சரியான வரிசை.

காரணம் தரநிலையின் கணக்கிலேயே இருக்கிறது. சிவி 3-இலோ 4-இலோ உள்ள எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து உச்சத்துக்கோ உச்சத்திலிருந்து நிற்கவோ ஆகும் விநாடிகள் கிடைக்கும். 10 என்று எழுதினால் சுமார் 9 விநாடி. டிகோடருக்குத் தெரிவது இந்த நேரம் மட்டும்தான். அதற்குள் எஞ்சின் எத்தனை சென்டிமீட்டர் ஓடும் என்பது அதற்குத் தெரியாது. விநாடிக்கு 38 செ.மீ. ஓடும் எஞ்சின் சீராக வேகம் குறைந்து அந்த 9 விநாடியில் நிற்க ஏறத்தாழ 170 செ.மீ. வேண்டும். பிறகு சிவி 5-ஐக் குறைத்து உச்சவேகத்தைப் பாதியாக்கினால், சிவி 4-ஐத் தொடாமலேயே அந்தத் தூரம் 85 செ.மீ. ஆகிவிடும். நடைமேடைக்கு முன் எங்கே நிறுத்தத் தொடங்குவது என்று பழகிய கணிப்பு அத்தோடு வீணாகிறது.

ஆகவே 3, 4 இரண்டிலும் சுழியத்தை எழுதிவிட்டு, முதல் வேகப்படியில் எஞ்சின் இழுபடாமல் நகரும்வரை சிவி 2-ஐ ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். உச்சவேகத்துக்கு நிறுத்துக்கடிகாரம் போதும்: 1:87 அளவில், ஒரு மீட்டரைக் கடக்கும் விநாடிகளால் 313-ஐ வகுத்தால் நிஜ ரயிலுக்கு இணையான கி.மீ. வேகம் வரும். மணிக்கு 60 கி.மீ. செல்லும் ஜெர்மனியின் வி 60 ஷண்டிங் எஞ்சினின் மாதிரி, ஒரு மீட்டருக்கு 5 விநாடிக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். பல மாதிரிகள் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இதைவிட வெகு வேகமாகவே பாய்கின்றன.

எதிர் மின்னியக்கு விசையை அளந்து வேகத்தைச் சீராக்கும் டிகோடர்கள் வந்துவிட்ட பின் இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அந்த வசதி ஏற்றத்திலும் வளைவிலும் வேகம் தளராமல் காக்கும். ஆனால் உச்சவேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். முடுக்கத்தைக் கையாலேயே மெல்லத் திருகிக் காட்டலாமே என்பது இன்னொரு மறுப்பு. ஒரே எஞ்சினை ஓட்டுபவருக்கு அது பொருந்தும். இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஒரே ரயிலை இழுக்கும்போது அது உதவாது. இரண்டின் வேகமும் முடுக்கமும் ஒத்துப்போகாவிட்டால், ஒன்று மற்றொன்றைத் தள்ளும் அல்லது பின்னுக்கு இழுக்கும். சிவி 4-இல் பெரிய எண் இருந்தால் ஆபத்தில் நிறுத்த முடியாது என்ற அச்சத்துக்கு இடமில்லை. அவசர நிறுத்தக் கட்டளை அந்த எண்ணைப் பொருட்படுத்தாது.

வேலையைத் தொடங்குமுன் பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை அமைப்பு திரும்பிவிடும். கூடவே எஞ்சினின் முகவரியும் 3 ஆகிவிடும்.