பூட்டை இழுத்துப் பார்த்தவர்கள்: யூனிக்ஸ் காவல் கருவிகளின் கதை

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் செக்யூரிட்டி இருப்பார். பெயர், நேரம், வண்டி நம்பர் எழுதாமல் உள்ளே விடமாட்டார். நைட் ஷிப்டில் ரவுண்ட்ஸ் வந்து ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். யூனிக்ஸ் கணினிகளுக்கும் இப்படி ஒரு காவல் வேண்டும் என்பதை உலகம் பரவலாக உணர்ந்தது 1988-ல்தான்.

அந்த ஆண்டு நவம்பர் 2-ம் தேதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய ஒரு 'புழு' நிரல் இணையத்தில் பரவியது. அப்போது இணைந்திருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு. அது நுழைந்த வழிகள் என்ன தெரியுமா? மெயில் அனுப்பும் சென்ட்மெயில் நிரலில் ஓர் ஓட்டை, ஃபிங்கர் சேவையில் ஓர் ஓட்டை, பிறகு எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள். அவ்வளவுதான்!

அதன்பின் கருவிகள் வரிசையாக வந்தன. பர்டூ பல்கலைக்கழகத்தில் டான் ஃபார்மர், பேராசிரியர் ஸ்பாஃபோர்டின் வழிகாட்டலில் உருவாக்கிய 'காப்ஸ்', கணினிக்குள் ரவுண்ட்ஸ் போய்த் திறந்து கிடக்கும் கோப்புகளைச் சொல்லும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒருவன் திரும்பத் திரும்ப நுழைந்து டிஸ்க்கையே அழித்துவிட்டுப் போனான். அவனைக் கண்காணிக்க வீட்சா வெனிமா எழுதிய 'டிசிபி ராப்பர்', நம் கேட் ரிஜிஸ்டரைப் போன்றது. வருகிறவர் யார் என்று குறித்துக்கொள்ளும், வேண்டாதவரைத் திருப்பி அனுப்பும். 1991-ல் அலெக் மஃபெட் வெளியிட்ட 'கிராக்' பலவீனமான பாஸ்வேர்டுகளைக் கண்டுபிடித்தது. ஜீன் கிம், ஸ்பாஃபோர்டு இருவரின் 'ட்ரிப்வயர்' 1992-ல் வந்தது. கோப்புகளின் அடையாளத்தைப் பதிந்து வைத்து, பிறகு எது மாறினாலும் காட்டிக் கொடுக்கும்.

பெரிய சண்டை வந்தது 1995 ஏப்ரலில். ஃபார்மரும் வெனிமாவும் 'சாத்தான்' என்ற கருவியை இலவசமாக வெளியிட்டார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்றபடியே உள்ளே எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடும். 'திருடனுக்குச் சாவி கொடுப்பதா?' என்று ஒரே கூச்சல். ஃபார்மர் தன் வேலையையே இழந்தார். பெயர் பிடிக்காதவர்களுக்காக, அதை 'சாண்டா' என்று மாற்றும் ஒரு குட்டி நிரலும் கூடவே இருந்தது என்பது வேடிக்கை! திருடனுக்கு ஓட்டை எப்படியும் தெரிந்துவிடும், வீட்டுக்காரனுக்கும் தெரியட்டுமே என்பதுதான் அவர்கள் வாதம். இன்று அந்த வாதமே பெரும்பாலும் ஏற்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். மூன்றே ஆண்டில் பாடம் கிடைத்தது. 1998 மே மாதம் பொக்ரான் சோதனை. ஜூன் மாதம் 'மில்வோர்ம்' என்ற குழு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளில் நுழைந்து மின்னஞ்சல்களை எடுத்தது, இணையப் பக்கத்தையும் மாற்றியது. அந்தக் குழுவில் பதின்வயதுப் பையன்களும் இருந்தார்கள். மேற்சொன்ன கருவிகள் எல்லாம் அதற்கு முன்பே இலவசமாகக் கிடைத்தவை. ஆனால் கருவி உலகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? அதை ஓட்டணும், வருகிற ரிப்போர்ட்டைப் படிக்கணும், ஓட்டையை அடைக்கணும். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், 2004-ல் 'செர்ட்-இன்' அமைப்பும் வந்தன. 2022 ஏப்ரலில் அந்த அமைப்பு பிறப்பித்த உத்தரவு, ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் நம் மாணவர்களும், ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளிலேயே சேர்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். இன்று எந்திரங்களும் நெட்வொர்க்கில்தான் ஓடுகின்றன. நுழைபவன் லைனையே நிறுத்த முடியும். தம்பி, தங்கைகளே, கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம். உங்கள் பொறுப்பில் உள்ள பூட்டைத் தினமும் இழுத்துப் பாருங்கள். அதுவே நல்ல நிர்வாகிக்கு அழகு.