உரிமம் மறுக்கப்பட்ட கார்: 1952ஆம் ஆண்டுக் கோவைச் செய்தி ஒன்றின் மறுவாசிப்பு

கோவைத் தொழில் முன்னோடி ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைச் சொல்லும் எழுத்துகளில் ஒரு செய்தி வாய்பாடுபோல் திரும்பத் திரும்ப வருகிறது. 1952இல் அவர் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் தர மறுத்ததால் உற்பத்தி நின்றுபோனது. நம் தொழில் வரலாற்றை எழுதியோரில் ஒரு சாரார் இச்செய்தியை அப்படியே எடுத்து ஒரு பெரிய முடிவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் முளைத்ததுபோல் இங்கே சிறு கார் நிறுவனங்கள் முளைக்காமல் போனதற்கு லைசென்ஸ் முறையே காரணம் என்பது அந்த முடிவு. அங்கே முளைத்தவற்றுள் ஒன்றான லோட்டஸ் நிறுவனமும் அதே 1952ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் தொடங்கப்பட்டது என்பது இந்த ஒப்பீட்டுக்கு மேலும் கவர்ச்சி சேர்க்கிறது.

நாயுடு காரைச் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மோட்டார், சவரக் கருவி, வானொலி என்று கை வைத்தவற்றையெல்லாம் செய்து காட்டியவர் அவர். செய்தியின் மூன்றாம் துண்டாகிய உரிம மறுப்பின்மேல் ஏற்றப்பட்டிருக்கும் சுமையைத்தான் அது தாங்காது என்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் 1951இல் நிறைவேறி, 1952 மே 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வாகனம் அதன் அட்டவணையில் இருந்தது. மேற்சொன்ன சாரார் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் சட்டம் எதைத் ‘தொழிற்சாலை’ என்கிறது? மின்விசை முதலிய விசையுடன் இயங்குமானால் 50 தொழிலாளர், விசையின்றி இயங்குமானால் 100 தொழிலாளர் என்பது கீழ்வரம்பு. இதற்கும் மேலாக, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத முதலீடுடைய தொழில்களுக்குச் சட்டமே பொருந்தாது என்ற விலக்கு அதன் மூல வடிவில் இருந்தது. 1953ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. கோலின் சாப்மன் தம் வருங்கால மனைவி ஹேசல் வில்லியம்ஸ் தந்த 25 பவுண்டு கடனுடன், தந்தையார் நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்புறத்துக் குதிரை லாயத்தில் ஆரம்பித்த லோட்டஸ், அன்றைய இந்தியச் சட்டத்தின்படி உரிமம் கேட்டுப் போயிருக்கவே வேண்டியதில்லை.

நாயுடுவின் நிலை வேறு, அவருடைய பேருந்து நிறுவனமான யு.எம்.எஸ். ஏற்கெனவே பெரியது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் இயங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு மூலச் சட்டம் வேண்டியது பதிவு. இயங்கும் நிறுவனம் ஒன்று புதிய பொருளொன்றைச் செய்யத் தனி உரிமம் பெற வேண்டும் என்னும் 11-அ பிரிவு 1953ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. ஆகவே 1952இல் மறுக்கப்பட்டது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் ‘லைசென்ஸ்’ என்ற ஒரே சொல் பல கதவுகளுக்குப் பெயராக இருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான இறக்குமதி உரிமமும் லைசென்ஸ்தான், இரும்புக்கான ஒதுக்கீட்டையும் மக்கள் அப்படித்தான் சொன்னார்கள். மறுக்கப்பட்டது இறக்குமதி உரிமம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவ்வாறாயின் தடைப்பட்டது உதிரிகளின் வரவு. கார் செய்யும் உரிமைக்கு அதில் தொடர்பில்லை. வெளியிலிருந்து வர வேண்டிய உதிரி எதுவும் இல்லாவிட்டால் இறக்குமதி உரிமத்துக்கு வேலையே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘பர்மிட்-லைசென்ஸ் ராஜ்’ என்ற தொடரை ராஜாஜி பரப்பியது 1959இல் சுதந்திராக் கட்சி பிறந்த காலத்தில். அந்தத் தொடர் நம் நாவில் ஏறிய பிறகு, அதற்கு முந்தைய மறுப்புகள் அனைத்தும் அதன் வார்ப்பிலேயே நினைவுகூரப்படுகின்றன. நாயுடுவின் காரும் அப்படித்தான் பின்னோக்கி வாசிக்கப்பட்டது என்று கருதுகிறேன்.

விலையையும் எவரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அன்றைய மாற்று வீதம் பவுண்டுக்குப் பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேல். எனவே 2,000 ரூபாய் என்பது 150 பவுண்டு. 1953 அக்டோபரில் ஃபோர்டு நிறுவனம் பிரிட்டனின் மிக மலிவான காராக ‘பாப்புலர்’ வண்டியை இறக்கியபோது வரி சேராத விலையே 275 பவுண்டு. பெருந்தொழிற்சாலை, தேய்மானம் முடிந்துபோன பழைய அச்சுகள், ஆண்டுக்குப் பல்லாயிரம் வண்டிகள் என்று எல்லாம் இருந்தும் ஃபோர்டால் எட்ட முடிந்தது அந்த விலைதான். அதில் பாதியைச் சற்றே தாண்டிய விலையில் கோவையில் கார் விற்றிருக்க முடியுமானால், அது பிரெஸ்டனில் 122 சி.சி. வில்லியர்ஸ் என்ஜினுடன் உருவான பாண்ட் மினிகார் போன்ற மிக இலேசான வண்டியாக இருந்திருக்க வேண்டும். அல்லது, 2,000 ரூபாய் என்பது ஒரு மாதிரி வண்டிக்குப் பிடித்த பொருட்செலவாக இருக்க வேண்டும். இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் செலவுக் கணக்கை விலையென்று எழுதிவிட்டால், சந்தைக்குத் தயாராக நின்ற பண்டத்தை அரசு மறித்தது என்ற தோற்றம் தானாகவே வந்துவிடுகிறது.

அப்படியானால் சாப்மனிடம் இருந்து நாயுடுவிடம் இல்லாதது எது? திறமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பணம் என்று சொன்னால் நகைப்புக்கிடமாகும். கோவையில் வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார் தொழிலும் அப்போதே வேரூன்றியிருந்தன. இல்லாதது காயலான் கடை.

லோட்டஸின் மார்க் 6 வண்டியில் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு என்பது குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகமும் அலுமினியத் தகடுகளும்தான். என்ஜின், அச்சு, பற்சக்கரப் பெட்டி எல்லாம் ஃபோர்டு டென் போன்ற பழைய வண்டிகளிலிருந்து வாங்குபவரே கழற்றிக்கொண்டு வருவார். அதற்கும் முன்பு சாப்மன் தம் முதல் வண்டியை ஓர் ஆஸ்டின் செவனைப் பிரித்துத்தான் கட்டினார். 1922 முதல் 1939 வரை உருவான ஆஸ்டின் செவன்களின் எண்ணிக்கை சுமார் 2,90,000. 1951இல் இந்தியச் சாலைகளில் இருந்த மோட்டார் வாகனங்கள் பேருந்து, லாரி, மோட்டார் சைக்கிள் உட்பட ஏறத்தாழ 3,06,000! ஒரு நாட்டின் மொத்த வாகனத் தொகைக்கு நிகராக இன்னொரு நாட்டில் ஒரே மாதிரிக் கார் பழையதாகிக் குவிந்து கிடந்தது. இத்துடன் வரியும் கைகொடுத்தது. 1951ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பிரிட்டன் கார்மீதான கொள்முதல் வரியை மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 66⅔ விழுக்காடாக உயர்த்தியது. முழுமையடையாத உதிரித் தொகுப்புக்கு அந்த வரி இல்லை. இலேசான கார் சாப்மனின் மேதைமையில் பிறந்தது என்பது பாதி உண்மை. வரிச்சட்டத்தின் ஓட்டையும் காயலான் கடையின் குவியலும் மறுபாதி. 1973 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி வந்து அந்த ஓட்டையை அடைத்த ஆண்டிலேயே லோட்டஸ், உதிரித் தொகுப்பாக விற்ற தன் ‘செவன்’ காரைக் கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் கைமாற்றிவிட்டது என்பதை இந்த வாசிப்புக்குச் சான்றாகவே கொள்கிறேன்.

நம் பக்கம் எந்த வண்டியும் சாவதில்லை. அறந்தாங்கியில் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் இன்றும் இதைக் காணலாம்: ஓடாத வண்டியின் கியர் பாக்ஸ் ஓடும் வண்டிக்குள் போகிறது, கதவு வேறொன்றில் ஏறுகிறது, மிஞ்சுவது எடைக்குப் போகிறது. 1952இல் ஸ்பேர் கிடைப்பது இன்னும் அரிதாக இருந்தது. பழைய காரைப் பிரித்துப் புதுக் கார் கட்ட வேண்டுமானால் முதலில் பழைய கார் மிஞ்ச வேண்டும்.

லோட்டஸ் வண்டிகளை வாங்கியோர் பந்தயச் சங்கத்தினர், அப்படிப்பட்ட சங்கம் இங்கும் இருந்ததே என்பார்கள். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது உண்மை. சோழவரம் விமானத் தளத்தில் கோண்டல் அரச குடும்பத்தாரின் லோட்டஸ்கூட ஓடியது. ஆனால் தருவிக்கப்பட்ட கார் சந்தையை உருவாக்காது. இதற்கு மேல் அந்த வாதத்தில் நிற்க வேண்டியதில்லை.

என் வாசிப்புக்கு உறுதியான ஆதாரம் அதே கோவையிலேயே கிடைக்கிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர் கொண்ட அதன் என்ஜின் சில ஆண்டுகளில் நாடெங்கும் பெருகியது. லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் அந்த என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். பி. விஜயகுமாரின் சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறையில் அவை ஒரே மாதிரியாக, ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகை பிறந்தது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் அதில்தான் ஓடத் தொடங்கினார். பந்தயக் கார் சாலைக் காராகுமா என்று கேட்போர் மார்க் 6 யாருக்காகக் கட்டப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆஸ்டின் செவன் வகித்த இடத்தை மாருதி நிரப்பிய உடனே, நாயுடுவின் ஊரிலேயே இலேசான கார் செய்யும் சிறு பட்டறை எழுந்தது. சட்டத்தில் அதற்காக ஒரு வரியும் மாறவில்லை. 1991ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலும்கூடக் கார் தொழில் உரிமப் பட்டியலில்தான் இருந்தது. 1993இல் அது விடுவிக்கப்பட்டபோது, கோவையில் கட்டிய கார்கள் சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பல பருவங்கள் ஓடி முடித்திருந்தன.