ஈரலுக்குப் போயிட்டா அவ்ளோதானா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பெரிய வியாதின்னா வண்டி நேரா வேலூர் சிஎம்சிக்குத்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடம். இன்னிக்கு வங்காளத்திலிருந்தெல்லாம் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குறாங்க. ஆனாலும் "குடல்ல கேன்சர், ஈரலுக்கும் போயிடுச்சாம், இனி அவ்ளோதான்"னு எங்க ஊர்ல ஒரு வசனம் மட்டும் மாறவே இல்லை. அது உண்மையா இருந்த காலமும் உண்டு.

ஏன் ஈரலுக்கே போகுது? தோல் ஷாப்பு தண்ணி எந்தக் கால்வாயில் விழுந்தாலும் கடைசியில் பாலாறுதானே? அதே மாதிரி பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியா நேரா ஈரலுக்குத்தான் போகும். புற்று செல்களும் கூடவே.

ஈரலை வெட்டினா ரத்தம் கொட்டும். அதனால ரொம்ப காலம் அதைத் தொடவே பயம். 1888-ல் பெர்லினில் லாங்கன்புக் ஒரு துண்டை வெட்டி எடுத்து, நோயாளியும் பிழைத்தார். 1908-ல் கிளாஸ்கோவில் பிரிங்கிள், ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரலால் அமுக்கிப் பிடிக்கும் உத்தியை எழுதினார். அவர் அறுவை செய்த நோயாளிகள் பிழைக்கவில்லை, உத்தி மட்டும் இன்றுவரை பிழைத்திருக்கு! ஹனோயில் டோன் தட் துங் 200 ஈரல்களுக்கு மேல் கீறிப் பார்த்து உள்ளே குழாய்கள் ஓடும் வழியை 1939-ல் எழுதினார். 1957-ல் பாரிஸின் குயினோ ஈரலை எட்டுப் பகுதியாப் பிரித்து வரைபடமே போட்டுட்டார். நடுவில் 1940-லேயே பாஸ்டனில் கேட்டல், மலக்குடல் புற்று ஈரலில் பரவிய கட்டியை எடுத்ததை எழுதியிருந்தார்.

இதிலே ஈரலோட பெருந்தன்மை ஒண்ணு உண்டு. நல்ல ஈரலில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூட மிச்சம் இருந்தாலே போதும், திரும்ப வளர்ந்துடும். மிச்சம் பத்தாதுன்னா, எடுக்கப்போற பக்கத்தின் போர்ட்டல் குழாயை முன்கூட்டியே அடைச்சு மறுபக்கத்தை வளர்த்துக்கறாங்க. முதலில் எடுக்க முடியாத கட்டியை கீமோ கொடுத்துச் சுருக்கி, அப்புறம் எடுக்கறதும் 1990-களிலிருந்து வழக்கமாச்சு.

கணக்கு என்னன்னா, ஈரலுக்குப் பரவியவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் ஆரம்பத்திலேயே அறுவை செய்ய முடியும். செய்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டுறாங்க. பாதிப் பேருக்கு மேல திரும்ப வரவும் செய்யும். மந்திரம் ஒண்ணுமில்லை. ஆனா "அவ்ளோதான்" இல்லை. வெட்ட முடியாத சிலருக்கு ஈரல் மாற்று சிகிச்சை உதவும்னு 2024-ல் வந்த பிரெஞ்சு ஆய்வும் சொல்லுது.

எங்க பக்கம் எந்த கேன்சர் வந்தாலும் தோல் ஷாப்பு மேல பழி போடறது வழக்கம். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுக்குக் காரணம்ங்கறது நிரூபணம். பெருங்குடல் புற்றுக்கோ வயசு, பரம்பரை, பீடி, சாராயம், தொப்பை எல்லாம் காரணம். தோல் ஷாப்பு பக்கமே போகாதவருக்கும் வரும். மலத்தில் ரத்தம்னா சுவரெல்லாம் எழுதியிருக்கிற 'மூலம், பௌத்திரம்' வைத்தியரைத் தேடி ஆறு மாசம் வீணாக்காதீங்க. அந்த ஆறு மாசத்தில்தான் அது குடலிலிருந்து ஈரலுக்குப் போகலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க உடம்புக்கு உங்க டாக்டரைத்தான் கேட்கணும்.