சித்தியெய்தாதோரின் வரலாறு: பரீட்சைப் பல்கலைக்கழகமும் இராமானுஜன் இழந்த ஆண்டுகளும்

1

கல்வி வரலாறு பெரும்பாலும் சித்தியெய்தியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லூரிகளின் பொன்விழா மலர்களையும் நூற்றாண்டு விழா மலர்களையும் புரட்டுவோர், முதற் பட்டதாரி யார், முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர் யார், அவர்கள் பின்னர் வகித்த உத்தியோகங்கள் யாவை என்பன பற்றிய விபரங்களைத் தாராளமாகக் காண்பர். அதே வகுப்புகளிற் படித்து, அதே பரீட்சைகளுக்குத் தோற்றி, இடைநடுவே வெளியேறியோரைப் பற்றி அம்மலர்கள் எதுவுங் கூறுவதில்லை. அவர்கள் எங்கே சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர், அவர்தம் குடும்பங்கள் எதனை இழந்தன என்ற வினாக்கள் எழுப்பப்படுவதுமில்லை.

ஆயினும் பிரித்தானியராட்சிக்கால இந்தியாவில் இவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்களாக இருக்கவில்லை. பெயருக்குப் பின்னே ‘பி. ஏ. பெயில்’ என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் அங்கு இருந்தது. ஆங்கில அதிகாரிகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் அது எள்ளலுக்குரிய பொருளாயிற்று. எழுதியவனுக்கோ அது எள்ளலன்று. பட்டத்தின் வாயில்வரை வந்தவன் என்பதை உத்தியோக விண்ணப்பத்தில் எடுத்துக்காட்ட அவனிடமிருந்த ஒரே சான்று அதுவே. தோல்வியையே ஒரு தகைமையாகக் காட்டவேண்டிய நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பது சமூக வரலாற்று மாணவர் சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

பரீட்சைத் தோல்வியைத் தனிமனிதக் குறைபாடாகக் கொள்ளாது, ஒரு குறிப்பிட்ட நிறுவன அமைப்பின் விளைவாகக் கண்டு, அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாகக் கணித அறிஞர் சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையில் 1904 முதல் 1913 வரையான காலப்பகுதி கொள்ளப்படுகின்றது. இராமானுஜன் பற்றி எழுதியோர் பலரும் அவரது மேதைமையையே முதன்மைப்படுத்தினர். இங்கு அவரை எவ். ஏ. பரீட்சையிலே தவறிய ஒரு மாணவராக நோக்க முயல்கிறோம். சித்தியெய்தாத ஏனையோரைப் பற்றிய சான்றுகள் அருகியே கிடைக்கும் நிலையில், அவர்களுள் ஒருவரது வாழ்க்கை விரிவாகப் பதிவாகியிருப்பது அவர் பிற்காலத்திற் புகழெய்தியமையினாலேயே ஆகும்.

2

மரபுவழிக் கல்விமுறையிலே ‘தோல்வி’ என்பது இன்றைய பொருளில் வழங்கவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் நிகண்டும் பயின்றவன் எவ்வளவு கற்றானோ அவ்வளவு கற்றவனாகவே கொள்ளப்பட்டான். பாதி நிகண்டை மனனஞ் செய்தவனிடம் அப்பாதி எஞ்சியிருந்தது. அதனைக் கொண்டு அவன் கணக்கெழுதவோ கடிதம் வரையவோ முடிந்தது. இதனைப் பொற்காலமெனப் போற்றுதல் பொருந்தாது. சாதி அடிப்படையிலே பெருந்தொகையானோர் திண்ணைக்கே ஏற்றப்படாதிருந்தனர். பெண்களுக்கு அவ்வாயில் அநேகமாக மூடப்பட்டேயிருந்தது. வாயிலிலே மறுக்கப்படுதல் பழைய முறையின் கொடுமை. உள்ளே அனுமதித்து, ஆண்டுகள் சில கழிந்தபின், கற்ற அனைத்தையும் கணக்கில் எடாது வெளியேற்றுதல் புதிய முறையின் இயல்பாயிற்று.

இம்மாற்றத்தின் பின்னணி அரசியற் பொருளாதாரம் சார்ந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசாங்க உத்தியோகங்களில் முன்னுரிமை வழங்கப்படும் என 1844இல் ஹார்டிஞ் பிரபு அறிவித்தார். 1854ஆம் ஆண்டு வூட்டின் கல்வி ஆவணத்தைத் தொடர்ந்து, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இவை அக்கால இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது, அவை கற்பிக்கவில்லை. பரீட்சித்துப் பட்டம் வழங்கின. கற்பிக்கும் பொறுப்பு இணைக்கப்பட்ட கல்லூரிகளைச் சார்ந்தது.

இவ்வமைப்பின் மூன்று கூறுகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, மாணவன் ஒவ்வொரு பாடத்திலும் குறித்த அளவு புள்ளிகளைப் பெறுதல் வேண்டும். ஒரு பாடத்திற் காட்டிய திறமை பிறிதொன்றிலுள்ள குறையை ஈடுசெய்யாது. இரண்டாவது, பட்டம் உத்தியோகத்தின் திறவுகோலாயிருந்தமையால், முடிவுறாத கல்விக்குச் சந்தையிலே பெறுமதி குறைவு. மூன்றாவது, பரீட்சிக்கும் நிறுவனம் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டிருந்தமையால், தோல்வி முழுவதும் மாணவனின் கணக்கிலேயே எழுதப்பட்டது. எவ்வாறு கற்பித்தோம் எனத் தன்னையே வினவ வேண்டிய தேவை பல்கலைக்கழகத்திற்கு எழவில்லை.

இம்முறையின் தொடக்கமே தோல்வியோடு நிகழ்ந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1858இல் நடத்திய முதலாவது பி. ஏ. பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் சித்தியெய்தியவர் ஒருவருமிலர். ஒவ்வொரு பாடத்தில் மட்டும் சில புள்ளிகளாற் குறைவுற்றிருந்த இருவருக்குக் கருணைப் புள்ளிகள் வழங்கப்பட்டுப் பட்டமளிக்கப்பட்டது. அவ்விருவருள் ஒருவர், பின்னர் ‘ஆனந்த மடம்’ என்னும் நாவலை எழுதிய பங்கிம் சந்திரர். அன்று சில புள்ளிகள் மறுக்கப்பட்டிருப்பின் அவரும் ‘பி. ஏ. பெயில்’ ஆகவே இருந்திருப்பார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் விளங்கினர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கின்றோம். அப்பெருமையின் மறுபுறமும் நோக்கற்பாலது. அவர்களது புலமை 1823இல் நிறுவப்பெற்று 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறியிலே உருவானது. பல்கலைக்கழகம் தோன்றுமுன்பே அவர்கள் கற்றறிந்தோராயிருந்தனர். பரீட்சை அதற்கு முத்திரை மட்டுமே இட்டது. தாமோதரம்பிள்ளை தமது முதற் பதிப்பாகிய நீதிநெறி விளக்கத்தை வெளியிட்ட 1854இல் சென்னையில் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. அடுத்துவந்த தலைமுறைகளுக்கோ முத்திரையே கல்வியாயிற்று.

3

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சேலைக் கடையொன்றிற் கணக்கர். வருவாய் போதாமையால் வீட்டிற் கல்லூரி மாணவரைத் தங்கவைத்து உணவளிப்பதும் உண்டு. 1904இல் நகர உயர்பள்ளியிற் கல்வியை முடித்த இராமானுஜன், புலமைப்பரிசில் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எவ். ஏ. வகுப்பிற் சேர்ந்தார்.

அவ்வகுப்பில் ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க உரோம வரலாறு, உடற்றொழிலியல், கணிதம் என்பன பாடங்கள். இதற்குச் சற்று முன்னரே கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்றத் திரட்டு அவர் கைக்குக் கிட்டியிருந்தது. அது முதல் ஏனைய பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்திற் சித்தியெய்தாமையாற் புலமைப்பரிசில் பறிபோயிற்று. கட்டணம் தவணைக்கு 32 ரூபா. தந்தையின் மாத வருவாயோ ஏறத்தாழ 20 ரூபா. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, புலமைப்பரிசிலை இழத்தல் என்பது அக்குடும்பத்திற்குக் கல்வியையே இழத்தலாகும் என்பது புலப்படும். 1905இல் அவர் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். வாழ்க்கை வரலாற்றாசிரியர் இதனை மேதையின் விசித்திரச் செயலாகக் கருதுவதுண்டு. பரீட்சைப் பெறுபேறு வெளியானபின் வீடு திரும்ப அஞ்சும் மாணவனை அறிந்தோர்க்கு இதில் விசித்திரம் எதுவுமில்லை.

1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். கணிதத்திற் சிறந்தும் உடற்றொழிலியல் முதலியவற்றில் வீழ்ந்தும் அவ்வாண்டு டிசெம்பரில் எவ். ஏ. பரீட்சையில் தவறினார், 1907 டிசெம்பரில் மீண்டுந் தவறினார். அத்துடன் கல்லூரிக் கல்வி முடிவுற்றது. 1909இல் திருமணம் நிகழ்ந்தது, பொறுப்பு மிகுந்தது. மாணவர்க்குத் தனியாகப் பாடஞ் சொல்லிப் பிழைக்க முயன்றார், அதுவும் கைகூடவில்லை. தாள் விலை கட்டுப்படியாகாமையாற் கற்பலகையில் எழுதி அழித்து, முடிபுகளை மட்டும் குறிப்பேடுகளிற் பதிந்தார். பிற்கால ஆய்வாளர் பலர் அவரது நிறுவல்களைத் தேடி உழைக்க நேர்ந்தமைக்கு இவ்வறுமையும் ஒரு காரணமாகும். முடிவுறாத கல்வியின் விலை இவ்வாறு அறிவின் வடிவத்திலேயே பதிந்துவிட்டது.

4

இங்கிருந்து அவர் எவ்வாறு மீண்டார் என்பதே முக்கியமான வினா. 1910இல் திருக்கோவிலூரில் உதவிக் கலெக்டராயிருந்த வி. இராமசுவாமி ஐயரிடம் சென்று அலுவலகத்தில் எழுத்தர் பதவியொன்று வேண்டினார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவியவர். குறிப்பேடுகளைக் கண்ட அவர், இத்தகைய திறமையைக் கீழ்நிலைப் பதவியிற் புதைக்க விரும்பாது, சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா கொடுத்து உதவினார். 1911இல் பேர்ணூலி எண்கள் பற்றிய முதற் கட்டுரை அக்கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சியில் 30 ரூபாச் சம்பளத்தில் இலிகிதரானார்.

1913 ஜனவரியில் கேம்பிறிட்ஜ் கணிதப் பேராசான் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்திற் பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்பதை இராமானுஜன் மறைக்கவில்லை. அடுத்த மாதம் எழுதிய மடலில், தாம் அரைப்பட்டினியில் இருப்பதையும், மூளையைக் காத்துக்கொள்ள உணவு தேவைப்படுவதையும் குறிப்பிட்டு, ஹார்டியின் ஆதரவு மடலொன்று புலமைப்பரிசில் பெற உதவும் என்றார். அதே ஆண்டு மே மாதம் முதல், பட்டமற்ற அவருக்கு வழமைக்கு விலக்காக, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் வழங்கியது. ஒரு மாணவனை இருமுறை தவறியவனென ஒதுக்கிய அதே நிறுவனம், அவனை மீண்டும் ஏற்பதற்குத் தன் விதியையே தளர்த்த வேண்டியதாயிற்று. பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை: 1914இல் இங்கிலாந்துப் பயணம், 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிறிட்ஜ் பட்டம், 1918இல் ரோயல் சொசைற்றி உறுப்புரிமை, 1920 ஏப்பிரல் 26இல் 32ஆவது வயதில் மரணம்.

இவ்வரலாற்றை ‘திறமை ஒருநாள் வெல்லும்’ என்ற நீதிக்கு உதாரணமாகக் காட்டுவோர் பலர். சான்றுகள் அதற்கு மாறானவற்றையே உணர்த்துகின்றன. அவரை மீட்டது பரீட்சை முறையன்று. அம்முறைக்கு வெளியே இயங்கிய மனிதர் சிலரும், ஒரு சங்கமும், ஒரு சஞ்சிகையுமே. அம்மனிதரும் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற பிராமண உத்தியோகத்தர். ஒருவர் மற்றவருக்கு அறிமுகக் கடிதம் எழுதக்கூடிய வட்டத்தினர். வறிய குடும்பத்தவராயினும் இராமானுஜன் அவ்வட்டத்தை அணுகக்கூடிய சமூகத்திற் பிறந்திருந்தார். அதே ஆண்டுகளில் அதே பரீட்சையில் தவறிய வேளாண் குடும்பத்து இளைஞனுக்கோ, தாழ்த்தப்பட்ட சமூகத்தினின்று முதன்முதல் கல்லூரி வந்தவனுக்கோ எவருடைய வாயிலிற் குறிப்பேட்டோடு நிற்க முடிந்திருக்கும்? அவர்கள் எதனை இழந்தனர் என்பதை அளக்க நம்மிடம் அளவுகோலில்லை. விதிவிலக்கு ஒன்றைக் கொண்டு விதியை நியாயப்படுத்துதல் வரலாற்று நோக்காகாது.

மீட்பும் முழுமையானதன்று. இராமானுஜன் இளமையில் மறைந்தது உண்மையான அவலமன்று. இருபது வயதையொட்டிய ஐந்தாண்டுகள் வழிகாட்டலின்றி விரயமானதே அவலம் என ஹார்டி பிற்காலத்திற் கருத்துரைத்தார். நெகிழ்ச்சியற்ற கல்விமுறையையே அதற்குப் பொறுப்பாக்கினார். கேம்பிறிட்ஜின் புகழ்பெற்ற கணிதப் பரீட்சையையே அவர் கண்டித்தவர். அங்கு மாணவரைத் தரவரிசைப்படுத்தி அறிவிக்கும் முறை 1909இற் கைவிடப்பட்டது. குடியேற்ற நாட்டிலோ பரீட்சை ஆதிக்கம் நீடித்தது. 1917 முதல் 1919 வரை ஆய்ந்த சாட்லர் ஆணைக்குழு, கற்பித்தல் பரீட்சைக்கு அடிமைப்பட்டமையை விரிவாகச் சுட்டியது.

5

ஈழத்திலும் இம்முறையே வேரூன்றியது. 1880இல் கேம்பிறிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இங்கு அறிமுகமாயின. 1921இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. கற்பித்தோர் இங்கும் இறுதித் தீர்ப்பு வழங்குவோர் அங்குமாக இருந்தனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகியமையும், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமையும் பெரும் மாற்றங்கள். கும்பகோணத்து மாணவனை வெளியேற்றிய 32 ரூபாவின் தடையை இலவசக் கல்வி இங்கு அகற்றியது. அதனை நாம் எக்காரணங் கொண்டும் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் கட்டணத்தை நீக்கிய கல்வி, ஆண்டுகளின் விலையை நீக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பும் குடும்பம், அப்பிள்ளை உழைக்கக்கூடிய ஆண்டுகளை முதலீடாக வைக்கின்றது. பட்டமின்றித் திரும்பும் மாணவன் அம்முதலீட்டின் இழப்பையும், ஊராரின் வினாக்களையும், தன்னைப் பற்றிய தீர்ப்பொன்றையும் ஒருங்கே சுமக்கின்றான். இழப்பு பரீட்சையால் மட்டும் நேர்வதன்று. 1987ஐ அடுத்த ஆண்டுகளிற் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்தன. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பேரின் கல்வியை இடைநடுவே நிறுத்தின. அவர்களையும் ‘முடிக்காதவர்’ என்ற ஒரே சொல்லாற் குறிக்கும் சமூகம் காரணத்தை மறந்து விளைவை மட்டும் நினைவிற் கொள்கின்றது.

ஆகவே, தவறியோருக்கு ஊக்கமூட்டும் கதைகளை விடத் தேவைப்படுவது நிலையான மறுவாயில்களாகும். 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இத்திசையில் ஒரு படி. சித்தியெய்திய பாடங்களுக்கு மதிப்பளித்தல், வெளியேறியோர் ஆண்டுகள் சில கழிந்தும் திரும்பி வர வழிவகுத்தல், முடிவுறாத கல்விக்கும் சான்றிதழ் வழங்குதல் என்பன கருணைச் செயல்களன்று. கற்பித்த நிறுவனம் தன் பொறுப்பை ஏற்பதன் அடையாளங்கள்.

இராமானுஜனுக்கு அவ்வாயில் தற்செயலாகத் திறந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை தம் இளமையின் ஆண்டுகள். அவ்வாயிலைத் தற்செயலுக்கு விடாது அமைத்துக் கொடுப்பது பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம்மைச் சார்ந்தது. நமது கல்லூரிகளின் அடுத்த மலர்கள் எழுதப்படும்போது, வரவுப் பதிவேட்டில் இருந்து பெறுபேற்றுப் பட்டியலில் இல்லாத பெயர்களையும் தேடிப் பார்ப்பது அப்பணியின் தொடக்கமாகலாம்.