சேர்க்கைக் கட்டுரையில் பிறர் உதவி: பிரிட்டனின் அனுபவம்

பிரிட்டனில் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் யூகாஸ் என்னும் பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கின்றனர். மதிப்பெண்களுடன், அந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று மாணவரே எழுதும் தன்விளக்கக் கட்டுரையும் விண்ணப்பத்தில் இடம்பெறும். இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகளே அதன் எல்லை.

எழுதியது மாணவர்தானா என்ற ஐயம் 2007இல் பெரிதாக எழுந்தது. ஏறத்தாழ 50,000 கட்டுரைகளை யூகாஸ் ஆராய்ந்தபோது, எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதை 234 கட்டுரைகளில் காணப்பட்டது! இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்த கதை அது. அதன்பின், ஒவ்வொரு கட்டுரையையும் முந்தைய கட்டுரைகளோடு ஒப்பிடும் மென்பொருள் நடைமுறைக்கு வந்தது.

மென்பொருள் பிடிப்பது நகலை மட்டுமே. தாய் எழுத்துப்பிழை திருத்தியதும், ஆசிரியர் ஒரு பத்தியை நீக்கச் சொன்னதும், கூலிக்கு ஒருவர் புதிதாகவே எழுதிக் கொடுத்ததும் அதன் கண்ணில் படாது. ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ காட்டிக் கருத்துக் கேட்பதை யூகாஸ் தடுக்கவில்லை. பிறர் எழுதியதைத் தமதாகத் தருவதையே தவறு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் சிக்கலானது. பணிக்காலத்தில் மாணவர்களின் விண்ணப்பக் கடிதங்களை நானும் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை திருத்தி முடித்தபின் படித்துப் பார்த்தால், கடிதத்தில் பையன் இல்லை, நான்தான் இருந்தேன். பிழை நீக்குவதில் தொடங்கியது எந்த வரியில் எல்லை தாண்டியது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த உதவி எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதே பெரிய கேள்வி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் 309 கட்டுரைகளை ஆராய்ந்தார். சட்டன் டிரஸ்ட் 2012இல் அதை வெளியிட்டது. ஒப்பிடப்பட்டவர்கள் ஒரே அளவு மதிப்பெண் பெற்றவர்கள். ஆனாலும் தனியார் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் பிழைகள் குறைவு. சொல்லிக்கொள்ளத்தக்க பணி அனுபவங்கள் அதிகம். அரசுப் பள்ளி மாணவருக்குத் திறமை குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆள் இல்லை என்பதே என் கருத்து. நகலைத் தேடும் மென்பொருளால் இந்த வேறுபாட்டை ஒன்றும் செய்ய இயலவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின், அதிலிருந்தோ பிறரிடமிருந்தோ நகலெடுக்கவில்லை என 2024 சேர்க்கை முதல் மாணவர்கள் உறுதிமொழி தருகின்றனர். 2026 சேர்க்கைக்கு ஒற்றைக் கட்டுரை கைவிடப்பட்டு மூன்று கேள்விகள் வந்தன: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது அதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். வழிகாட்ட ஆளில்லாத மாணவர்களுக்கு எழுதுவது எளிதாகும் என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எழுத யார் உதவினார்கள் என்ற கேள்வி அம்மூன்றில் இல்லை.