“மத்தேயு எழுதின” என்னும் தலைப்பு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் நம் சபையார் பலர் தோல் தொழிலில் இஸ்லாமிய அன்பர்களோடு அன்றாடம் பழகுகின்றனர். “இந்தச் சுவிசேஷத்தை எழுதியவர் யார்? அவர் ஈசா நபியைக் கண்டவரா?” என்று அவர்கள் கேட்கும்போது, நம்மவர் வேதத்தைத் திறந்து, “மத்தேயு எழுதின சுவிசேஷம்” என்னும் தலைப்பைக் காட்டுவதுண்டு. அது போதிய விடையாகுமா?

கிரேக்கப் பிரதிகளின் தலைப்பு “மத்தேயுவின்படி” என்பதே. “எழுதின” என்பது நம் மொழிபெயர்ப்பாளர் கொண்ட பொருள். நூலினுள்ளே ஆசிரியர் தம் பெயரைக் கூறவில்லை. பெயருக்கு ஆதாரம் ஆதித் திருச்சபையின் சாட்சியாகும். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எராப்போலியின் கண்காணியாயிருந்த பாப்பியாஸ், மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராயிருந்து எழுதினார் என்றும், மத்தேயு ஆண்டவரின் வாக்குகளை எபிரெய மொழியில் தொகுத்தார் என்றும் உரைத்தார். கி.பி. 180 அளவில் ஐரேனியூஸ் நால்வரின் பெயர்களையும் ஒருங்கே கூறுகிறார்.

இப்பாரம்பரியம் நம் நாட்டின் பெயரையும் தொடுகிறது. அலெக்சந்திரியாவின் ஆசிரியர் பாந்தேனூஸ் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குச் சென்றார் என்றும், பற்தொலொமேயு விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷம் எபிரெய எழுத்தில் அங்கிருக்கக் கண்டார் என்றும் யூசேபியூஸ் எழுதுகிறார். இதனைப் பெருமையுடன் எடுத்தாளும் பிரசங்கிகள் உண்டு. ஆனால் யூசேபியூஸ் “சொல்லப்படுகிறது” என்றே அதைக் குறிக்கிறார். அக்காலத்தில் தென் அரபியாவும் எத்தியோப்பியாவும்கூட இந்தியா எனப்பட்டன. மேலும், இன்று நம் கையிலுள்ள மத்தேயு கிரேக்கத்திலேயே இயற்றப்பட்டது, மாற்குவைப் பயன்படுத்தியது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே அச்செய்தியை நாம் சான்றாக நிறுத்தலாகாது.

அங்ஙனமாயின் சபையாருக்கு என்ன கூறுவோம்? அந்தியோகியாவின் கண்காணி செராப்பியோன், கி.பி. 200 அளவில், “பேதுருவின் சுவிசேஷம்” என்ற நூலை முதலில் அனுமதித்தார். பின்பு வாசித்து ஆராய்ந்து விலக்கினார். அப்போஸ்தலரில் முதல்வரின் பெயரும் அந்நூலைக் காக்கவில்லை. அப்போஸ்தலரல்லாத மாற்கு, லூக்கா ஆகியோரின் பெயர் தாங்கிய நூல்களையோ திருச்சபை ஏற்றுக்கொண்டது. கட்டின்மேலுள்ள முத்திரையை மட்டும் நம்பாமல், கட்டை அவிழ்த்துத் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவரை நம் மக்கள் அறிவார்கள். திருச்சபை செய்ததும் அதுவே.

ஆகையால், “மத்தேயுவின் பெயரால் இதைத் திருச்சபை தொன்றுதொட்டு அறிந்திருக்கிறது; இதன் உள்ளுரையை ஆராய்ந்தே ஏற்றது” என்று நாம் உண்மையாய்ச் சொல்வோம். அறியாததை அறிந்ததாகக் கூறிச் சுவிசேஷத்தைக் காக்க வேண்டுவதில்லை.